கேட்க மட்டும் தெரிந்த கருவி

நம் வண்டியை ஒரு செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்துக்கொண்டே வருகிறது, அது சொல்வதைத்தான் திரையில் நீலப் புள்ளியாகக் காண்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். பொறியியல் படித்தவர்கள் வாயிலிருந்தும் இதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்கு நம்மைத் தெரியாது. கீழே ஒரு வண்டி ஓடுகிறதா, ஒரு கோடி வண்டி ஓடுகிறதா என்பதும் அதற்குத் தெரியாது. வண்டியில் உள்ள ஜிபிஎஸ் ரிசீவர் வானத்துக்கு எதையும் அனுப்புவதில்லை. அனுப்பும் உறுப்பே அதில் கிடையாது. அது கேட்கிறது, கணக்குப் போடுகிறது. நாம் எங்கே இருக்கிறோம் என்ற விடை வண்டிக்குள்தான் பிறக்கிறது.

அது பிறப்பதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் கைப்பேசியைக் கொஞ்சம் ஓரமாக வைக்க வேண்டும். கைப்பேசிச் செயலி நடப்பதையெல்லாம் மூடிவைத்துக்கொண்டு முடிவை மட்டும் காட்டும். அதற்குப் பதிலாக ஒரு பழைய லேப்டாப்பையோ, ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியையோ காரில் வைத்து, உள்ளங்கையில் அடங்கும் யூஎஸ்பி ஜிபிஎஸ் ரிசீவர் ஒன்றை அதில் செருகிப் பாருங்கள். இலவச மென்பொருளும் இலவச வரைபடமும் கிடைக்கின்றன. இணையம் தேவையில்லை. இந்த ஏற்பாட்டைச் செய்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அதற்குள் அடங்கியிருக்கும் அறிவியலைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

காரில் கணினி வைப்பவருக்கு முதலில் தொல்லை தருவது பேட்டரி. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கித் தரும் கன்வெர்ட்டர் வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் மோட்டார் மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஒரு நொடியில் மின்னழுத்தம் சட்டென்று இறங்கி, கணினி அணைந்து மறுபடி எழும். மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் இப்படி நடந்தால் கோப்புகள் சிதைந்துபோகும். நடுவில் ஒரு சிறிய பேட்டரியை வைத்துவிட்டால் நிம்மதி. அடுத்தது ரிசீவரை எங்கே வைப்பது என்பது. அதற்கு வானம் தெரிய வேண்டும். டாஷ்போர்டின் முன்விளிம்பு, கண்ணாடிக்கு நேர் அடி, நல்ல இடம். வெயிலைத் தடுக்க முன்கண்ணாடியில் உலோகப் பூச்சு உள்ள கார்களில் சிக்னல் உள்ளே நுழையாது. காந்த அடி கொண்ட ஆன்டெனாவைக் கூரை மேல் ஒட்டிவைப்பதுதான் வழி. மலிவான சார்ஜர்களையும் டேஷ்கேம்களையும் பக்கத்தில் அண்டவிடக் கூடாது. அவை கசியவிடும் மின்னிரைச்சலே ரிசீவரைச் செவிடாக்கிவிடும்.

இவ்வளவு பத்தியம் ஏன்? ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து சில பத்து வாட் திறனில் கிளம்பும் சிக்னல், கீழே தெரியும் பூமி முழுவதற்கும் பரவியாக வேண்டும். நம் ஆன்டெனாவில் வந்து விழுவது எவ்வளவு தெரியுமா? ஒரு வாட்டை ஒரு கோடியால் வகுத்து, வந்ததை இன்னொரு முறை கோடியால் வகுத்து, அதையும் நூறால் வகுத்தால் கிடைக்கும் அளவு. ரிசீவரின் மின்சுற்று சூட்டினால் தானே எழுப்பும் இரைச்சல் இதைவிடப் பெரிது. வந்த சிக்னல் அந்த இரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது.

புதைந்ததைத் தோண்டியெடுக்கும் விதம் அழகானது. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தனக்கென்று ஒதுக்கப்பட்ட 1,023 சுழி-ஒன்றுகள் கொண்ட ஒரு வரிசையை, நொடிக்கு ஆயிரம் முறை, சலிக்காமல் திரும்பத் திரும்ப ஒலிபரப்புகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களும் ஒரே அலைவரிசையில், 1575.42 மெகாஹெர்ட்ஸில், ஒரே சமயத்தில் பேசுகின்றன. ரிசீவருக்கு எல்லா வரிசைகளும் மனப்பாடம். திருவிழாக் கூட்டத்தில் தவிலும் வெடியும் ஒலிபெருக்கியும் ஒன்றாக முழங்கும்போதும், தெரிந்த கீர்த்தனை என்றால் தூரத்து நாகஸ்வரம் காதில் பிடிபட்டுவிடும். தெரியாத பாட்டென்றால் அது சத்தத்தோடு சத்தம். ரிசீவரும் தனக்குத் தெரிந்த வரிசையை உள்ளுக்குள் ஓட்டி, வருகிற இரைச்சலோடு முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்க்கிறது. ஓர் இடத்தில் பொருந்தும். அங்கே சிக்னல் தலை தூக்கும். எவ்வளவு நகர்த்தியபோது பொருந்தியது என்பதுதான் அதற்கு வேண்டிய செய்தி, ஏனென்றால் அந்த நகர்வே காலதாமதம், காலதாமதமே தூரம்.

பொருந்திய பிறகும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். தான் எந்தப் பாதையில் எங்கே போய்க்கொண்டிருக்கிறேன் என்பதைச் செயற்கைக்கோள் அந்த வரிசையின் மேலேயே ஏற்றி அனுப்புகிறது, நொடிக்கு 50 பிட் என்ற மெல்லிய வேகத்தில். ஒரு சுற்று முழுதாக வந்து சேர 30 நொடி ஆகும். காலையில் வண்டியை எடுத்ததும் கணினி அரை நிமிடம் விழித்துக்கொண்டிருப்பது இதனால்தான். கைப்பேசி இந்தத் தகவலை இணையத்திலிருந்து வாங்கிக்கொள்வதால் சட்டென்று இடத்தைக் காட்டுகிறது. இணையமில்லாத காரில், முதல் அரை நிமிடம் வண்டியை நகர்த்தாமல் இருப்பது நல்லது. பாலத்துக்கும் மரத்துக்கும் அடியில் புகுந்து புகுந்து போனால், ஒவ்வொரு முறை சிக்னல் அறுபடும்போதும் அந்தச் சுற்று மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பிறகு திரையில் வரிகள் ஓடத் தொடங்கும். பெரும்பாலான ரிசீவர்கள் நொடிக்கு ஒரு தடவை இப்படி எழுதுகின்றன: ஒரு டாலர் குறி, ஐந்து ஆங்கில எழுத்துகள், பிறகு காற்புள்ளி போட்டுப் போட்டுப் பிரித்த எண்கள். இந்த மொழி கார்களுக்காக உருவானது அல்ல. படகுகளிலும் கப்பல்களிலும் உள்ள கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள, அமெரிக்காவின் தேசியக் கடல்சார் மின்னணுச் சங்கம் 1980களில் வகுத்தது. அதனால்தான் இன்றும் காரின் வேகத்தை ரிசீவர் கடல்மைலில், நாட் கணக்கில் சொல்கிறது. 1.852ஆல் பெருக்கினால் நமக்குப் பழக்கமான கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். ஜிஎஸ்டி சாலையில் போகிற வண்டிக்குள் ஒரு கப்பலின் பேச்சு நடந்துகொண்டிருப்பதை அந்த வரிகளில் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

வரியில் முதலில் நிற்கும் எண் நேரம். 010000 என்று இருந்தால், உலகப் பொது நேரம் ஒரு மணி. நமக்குக் காலை 6:30. இடத்தைச் சொல்ல வந்த கருவி நேரத்தைச் சொல்லித் தொடங்குவது பொருத்தமே. அதற்கு உண்மையில் தெரிந்தது நேரம் ஒன்றுதான். செயற்கைக்கோளில் அணுக்கடிகாரம் இருக்கிறது. சிக்னல் எப்போது கிளம்பியது என்று அதிலேயே குறித்திருக்கும். தலைக்கு நேர் மேலே உள்ள செயற்கைக்கோளிலிருந்து கீழே வந்து சேர ஒரு நொடியின் ஆயிரத்தில் 67 பங்கு ஆகிறது. ஒளிக்கு ஒரு நானோ நொடி கிடைத்தால் 30 சென்டிமீட்டர் போய்விடும். ஒரு மைக்ரோ நொடி கிடைத்தால் 300 மீட்டர். அதாவது நம் ரிசீவரின் கடிகாரம் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும், நாம் நிற்கும் தெருவே மாறிவிடும்.

ரிசீவரில் இருப்பதோ மலிவான குவார்ட்ஸ் கடிகாரம். அது தினமும் பிசகும். இந்த இடத்தில்தான் ஜிபிஎஸ் வடிவமைப்பாளர்களின் அறிவுக்கு நான் தலைவணங்குகிறேன். இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று செயற்கைக்கோள்களுக்கான தூரம் தெரிந்தால் போதும். அவர்கள் நான்காவது ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். கிழக்கு மேற்கு, வடக்கு தெற்கு, உயரம் என்ற மூன்றோடு, ‘என் கடிகாரம் எவ்வளவு தவறு’ என்பதையும் தெரியாத நான்காவது எண்ணாக வைத்துக்கொண்டால், நான்கு செயற்கைக்கோள், நான்கு சமன்பாடு, நான்கு விடை. கருவி தன் தவறையும் சேர்த்தே கணக்கிட்டுவிடுகிறது. டாஷ்போர்டில் வெயிலில் காயும் அந்தச் சின்னப் பெட்டி, அணுக்கடிகாரங்களோடு நானோ நொடிக் கணக்கில் ஒத்துப்போகத் தொடங்குகிறது.

அணுக்கடிகாரங்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. அதை முன்கூட்டியே கண்டு சொன்னவர் ஐன்ஸ்டைன். வேகமாக ஓடும் கடிகாரம் மெதுவாகத் துடிக்கும். செயற்கைக்கோள் நொடிக்கு ஏறத்தாழ 3.9 கிலோமீட்டர் வேகத்தில் போவதால் அதன் கடிகாரம் நாளொன்றுக்கு 7 மைக்ரோ நொடி பின்தங்கும். ஈர்ப்பு குறைந்த இடத்தில் உள்ள கடிகாரம் வேகமாகத் துடிக்கும். அவ்வளவு உயரத்தில் அது நாளொன்றுக்கு 45 மைக்ரோ நொடி முந்தும். கழித்தால் மிஞ்சுவது 38 மைக்ரோ நொடி. ஒளி போகும் தூரத்தில் சொன்னால், நாளொன்றுக்குச் சுமார் 11 கிலோமீட்டர். 1977இல் என்டிஎஸ்-2 என்ற சோதனைச் செயற்கைக்கோளை ஏவியபோது, இந்தத் திருத்தம் உண்மையிலேயே தேவைதானா என்ற சந்தேகம் சிலருக்கு இருந்தது. அதனால் திருத்தம் செய்யும் சாதனத்தை அணைத்தே வைத்து 20 நாள் பார்த்தார்கள். சார்பியல் சொன்ன அளவுக்கு ஒட்டியே கடிகாரம் முந்திப் போயிற்று. இன்று தரையிலேயே திருத்திவிட்டுத்தான் மேலே அனுப்புகிறார்கள்: 10.23 மெகாஹெர்ட்ஸில் துடிக்க வேண்டியதை 10.22999999543 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும்படி வைக்கிறார்கள். மேலே போனதும் அது சரியாகிவிடுகிறது. பாடப்புத்தகத்தோடு நின்றுவிடும் என்று நாம் நினைக்கும் கொள்கை ஒன்று, நம் ஒவ்வொரு இடதுபக்கத் திருப்பத்துக்கும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

நேரத்தை அடுத்து அட்சரேகையும் தீர்க்கரேகையும் வருகின்றன. சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். 1304.95 என்று ரிசீவர் எழுதினால் அது 13 பாகை, 4.95 கலை. மாலுமிகளின் வழக்கப்படி பாகையும் கலையும் இடைவெளியின்றி ஒட்டி நிற்கின்றன. கலையை 60ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டினால் 13.0825. பக்கத்தில் 8016.53 என்றிருந்தால் 80.2755. இரண்டும் சேர்ந்தால் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையம். வகுக்காமல், புள்ளியை மட்டும் இரண்டு இடம் நகர்த்தி 13.0495 என்றும் 80.1653 என்றும் படித்துவிட்டால், சென்ட்ரல் வாசலில் நிற்கிற வண்டி 12 கிலோமீட்டர் தள்ளிப் போரூர் பக்கம் நிற்பதாகத் திரை காட்டும். செயற்கைக்கோள், அணுக்கடிகாரம், சார்பியல் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு வகுத்தல் விடுபட்டதால் இவ்வளவு தூரம்.

அடுத்து ஒற்றை இலக்கம் ஒன்று. சுழி என்றால் இடம் கிடைக்கவில்லை. 1 என்றால் கிடைத்துவிட்டது. 2 என்றால் திருத்தத்தோடு கிடைத்தது. இந்த 2க்குப் பின்னால் ஒரு இந்திய முயற்சி இருக்கிறது. சிக்னல் வரும் வழியில் அயனி மண்டலம் அதைத் தாமதப்படுத்துகிறது. எவ்வளவு தாமதம் என்பது இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறும். பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிச் செல்வதால் நம் தலைக்கு மேலே அந்த மண்டலம் மிகவும் அமைதியற்றது, குறிப்பாகச் சூரியன் மறைந்த பிறகு. அதை ஆராயத் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடமே இயங்குகிறது. இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ‘ககன்’ அமைப்பு, நாடெங்கும் உள்ள தரை நிலையங்களில் இந்தத் தாமதத்தை அளந்து, ஜிசாட் செயற்கைக்கோள்கள் வழியாகத் திருத்தங்களை ஒலிபரப்புகிறது. விமானங்களுக்காக உருவானதுதான், ஆனால் கேட்கத் தெரிந்த எந்த ரிசீவரும் கேட்கலாம், கட்டணமில்லை. ரிசீவரின் அமைப்புகளில் அந்த வசதியை இயக்கிவிட்டால், 1 என்பது 2 ஆக மாறும் கணத்தைத் திரையில் பார்க்கலாம்.

நிலைமை எப்போதும் இவ்வளவு தாராளமாக இருந்ததில்லை. ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது. 1983 செப்டம்பரில் வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் பொதுமக்களும் இதை இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கா உறுதி கூறியது. அப்போதும் பொதுச் சிக்னலில் வேண்டுமென்றே பிழை சேர்த்து, நூறு மீட்டர் வரை தடுமாறும்படி வைத்திருந்தார்கள். 2000 மே மாதத் தொடக்கத்தில் ஒரே இரவில் அந்தப் பிழையை நிறுத்தினார்கள். காரில் லேப்டாப்பை வைத்துத் தெருத் தெருவாக வழி பார்ப்பது அதற்குப் பிறகே நடைமுறைக்கு ஏற்றதாயிற்று.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த எண்ணுக்கு வருகிறேன். உயரத்தைச் சொன்ன பிறகு ரிசீவர் இன்னோர் எண்ணையும் எழுதுகிறது. நம் ஊரில் அது கழித்தல் குறியோடு, எண்பது தொண்ணூறு மீட்டர் அளவில் வரும். மெரினாவில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் இது திடுக்கிட வைக்கும். கடற்கரையில் நிற்கிற நாம் எதற்குக் கீழே இவ்வளவு மீட்டர் இறங்கி நிற்கிறோம்? ஜிபிஎஸ் பூமியை ஒரு வழவழப்பான, துருவங்களில் சற்றுத் தட்டையான கோளமாக எடுத்துக்கொண்டு கணக்கிடுகிறது. நிஜக் கடல்மட்டமோ ஈர்ப்பின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகிலேயே மிக ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் உள்ளது. அங்கே கடல்மட்டம் கணக்கிட்ட கோளத்தைவிட 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. தமிழ்நாடு முழுவதும் அந்தப் பள்ளத்தின் சரிவில் அமைந்திருக்கிறது. நம் கண்ணுக்கு இது தெரியாது, ஏனென்றால் நீர் மட்டமும் கட்டடமும் நம் உடலும் எல்லாம் அதே ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டவை. 2023இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள்: பழைய டெத்திஸ் கடலின் தளம் பூமிக்குள் அமிழ்ந்துபோய், ஆப்பிரிக்காவுக்கு அடியில் உள்ள பெரும் வெப்பத் திரளைக் கலைத்துவிட, எடை குறைந்த சூடான பொருள் இந்தப் பக்கம் வந்து தங்கியது என்பது அதன் சாரம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய ஒரு கடலின் தடயம், டாஷ்போர்டில் நொடிக்கொரு தடவை எழுதப்படுகிறது.

வேகம் வேறொரு வரியில் வருகிறது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை வகுத்து வேகத்தைக் கண்டுபிடிப்பதாக நினைத்திருந்தீர்கள் என்றால், அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. நெருங்கும் வண்டியின் ஹாரன் சுருதி ஏறியும் விலகும்போது இறங்கியும் கேட்பதுபோலச் செயற்கைக்கோள் அலையின் அதிர்வெண்ணும் மாறுகிறது; அதை அளந்தே ரிசீவர் வேகத்தைச் சொல்கிறது. இந்த முழுத் துறையும் அந்தச் சுருதி மாற்றத்தில் தொடங்கியதுதான். 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் மேலே போனதும், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் வில்லியம் கையரும் ஜார்ஜ் வைஃபென்பாக்கும் அதன் ஒலியைப் பதிவு செய்து, சுருதி மாறும் விதத்திலிருந்தே அதன் சுற்றுப்பாதையைக் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டு அவர்களுடைய மேலாளர் ஃபிராங்க் மெக்ளூர் அதைத் திருப்பிப் போட்டார்: நாம் இருக்கும் இடம் தெரிந்து செயற்கைக்கோளைக் கண்டுபிடிக்க முடியுமென்றால், செயற்கைக்கோளின் இடம் தெரிந்து நம்மைக் கண்டுபிடிக்க முடியாதா? டிரான்சிட் என்ற முதல் வழிகாட்டி அமைப்பு அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. முதல் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 1978இல் போனது.

இவ்வளவும் சேர்ந்து நமக்குத் தருவது ஒரு புள்ளியை மட்டுமே. புள்ளிக்குச் சாலை தெரியாது. இதற்கு மேல் கணினியின் வேலை.

கோவையிலிருந்து திருச்சூர் போகிறவர்களுக்குக் குதிரான் சுரங்கம் பழக்கம். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம். உள்ளே நுழைந்ததும் வானம் போய்விடும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு முழு நிமிடம் ரிசீவருக்கு எதுவும் கேட்காது. அந்த ஒரு நிமிடத்தை, காரின் டயக்னாஸ்டிக் போர்ட்டிலிருந்து வரும் சக்கர வேகத்தையும், திரும்பும் கோணத்தை அளக்கும் சிறு சில்லையும் வைத்துக் கடக்கலாம். எங்கிருந்து கிளம்பினோம், எந்தத் திசையில், எவ்வளவு தூரம் வந்தோம் என்று கூட்டிக்கொண்டே போவது பழைய மாலுமிகளின் கலை. ஆனால் சிறு பிழைகளும் கூடிக்கொண்டே போகும்.

அந்தக் கலையை மட்டும் நம்பி, ஜிபிஎஸ் இல்லாமலே காரில் கணினி வழிகாட்டியை 1985இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் கலிபோர்னியாவின் இடாக் நிறுவனத்தார். அதை நிறுவிய ஸ்டான் ஹனி பாய்மரப் பந்தயங்களில் வழி கணிப்பவர். பின்கண்ணாடியில் ஒரு திசைகாட்டி, சக்கரங்களில் சுழற்சியை எண்ணும் உணரிகள், கேசட் நாடாவில் வரைபடம். கூடிக்கொண்டே போகும் பிழையை அவர்கள் அடக்கிய விதம்தான் முக்கியம்: கார் சாலையில்தான் போகும் என்ற எளிய உண்மையைப் பிடித்துக்கொண்டார்கள். கார் இடப்பக்கம் திரும்பியதும், பக்கத்தில் அப்படித் திரும்பக்கூடிய சாலை எது என்று வரைபடத்தில் பார்த்து, புள்ளியை அந்தச் சாலை மேல் கொண்டுபோய் வைத்தார்கள். ஒவ்வொரு திருப்பமும் பிழையைத் துடைத்துவிட்டது. திரையில் கார் நடுவில் அசையாமல் நிற்க, வரைபடம் அதைச் சுற்றி நகர்ந்தது. படகை அசையாததாகவும் தீவுகளை நகர்வதாகவும் மனதில் வைத்துக் கடலைக் கடந்த மைக்ரோனேசிய மாலுமிகளின் முறை அது. நிறுவனத்தின் பெயரும் அவர்கள் தந்ததே. இன்று நாம் பார்க்கும் எல்லா வழிகாட்டித் திரைகளும் அப்படித்தான் நகர்கின்றன.

புள்ளியைச் சாலையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்றும் கடினமான வேலை. மிக அருகிலுள்ள சாலை எது என்று பார்த்தால் போதும் என்று தோன்றும். நெடுஞ்சாலையும் சர்வீஸ் ரோடும் எட்டு மீட்டர் இடைவெளியில் ஓட, ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் தடுமாறினால், புள்ளி இங்கும் அங்குமாகத் தாவும். 2009இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் பால் நியூசனும் ஜான் கிரம்மும் எழுதிய முறை இன்று பரவலாகக் கையாளப்படுகிறது. அதில் கணினி அவசரப்பட்டு முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்திலுள்ள எல்லாச் சாலைகளையும் ‘இருக்கலாம்’ என்று வைத்துக்கொள்கிறது. அடுத்தடுத்த புள்ளிகளை அந்தச் சாலைகள் வழியே இணைத்துப் பார்க்கும்போது, நேர்த் தூரமும் சாலைத் தூரமும் ஏறக்குறைய ஒத்துப்போனால் அந்த ஊகத்துக்கு மதிப்பு கூடும். ஐம்பது மீட்டர் நகர இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருந்தால் மதிப்பு சரியும். பல நொடிகளின் சங்கிலியில் எது மிகவும் இயல்பானதோ அது வெல்லும்.

மேம்பாலம் மட்டும் இந்த முறைக்கும் பிடி கொடுக்காது. கத்திப்பாராவில் மேலே ஏறினோமா கீழேயே போகிறோமா என்று வழிகாட்டி குழம்புவதைச் சென்னைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். உயரத்தைத்தான் ரிசீவர் சொல்கிறதே, அதை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், உயரம்தான் அதன் பலவீனம். கிழக்கிலும் மேற்கிலும் வடக்கிலும் தெற்கிலும் செயற்கைக்கோள்கள் உண்டு. ஒரு பக்கத்துப் பிழையை மறுபக்கம் சரிக்கட்டும். கீழே மட்டும் ஒன்றும் கிடையாது, பூமி மறைக்கிறது. எல்லாம் மேலேயே இருப்பதால், கடிகாரப் பிழையும் உயரப் பிழையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பாலத்தின் உயரம் அந்தத் தடுமாற்றத்துக்குள்ளேயே அடங்கிப்போய்விடுகிறது.

சாலை தெரிந்தபின் வழி. 1956இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஆம்ஸ்டர்டாமில் வருங்கால மனைவியோடு கடைவீதிக்குப் போய், காபிக் கடையில் உட்கார்ந்து, காகிதம் பேனா இல்லாமல் இருபது நிமிடத்தில் யோசித்த முறை இன்னும் இதற்கு அடித்தளம்: புறப்பட்ட இடத்திலிருந்து மிகக் குறைந்த செலவில் எட்டக்கூடிய சந்தியை முதலில் முடித்துவிடு, அங்கிருந்து அடுத்ததைப் பார். ஆனால் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு இப்படித் தேடினால் நடுவில் உள்ள ஒவ்வொரு ஊரின் ஒவ்வொரு சந்தியையும் தட்டிப் பார்க்க வேண்டிவரும். 2008இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகத்தில் வடிவமைத்த முறை, முக்கியமில்லாத சந்திகளை முன்கூட்டியே சுருக்கிக் குறுக்கிணைப்புகள் போட்டு வைத்துவிடுகிறது; பிறகு தேடலுக்குச் சில மில்லி நொடிகள் போதும்.

இத்தனைக்கும் பிறகு, வழிகாட்டி நம்மைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால், குற்றவாளி பெரும்பாலும் வானம் அல்ல, வரைபடம். நடுவில் தடுப்புச் சுவர் உள்ள சாலையை வரைபடத்தில் ஒரே கோடாக வரைந்திருந்தால், கணினி அந்தச் சுவரின் ஊடே வலப்பக்கம் திரும்பச் சொல்லும். இரண்டு ஒருவழிக் கோடுகளாகப் பிரித்து வரைந்துவிட்டால், அடுத்த திறப்பு வரை போய் யூ-டர்ன் அடிக்கச் சொல்லும். ரயில்வே பாலத்தடியின் உயரத்தைக் குறித்துவைத்தால்தான் கூரை மேல் சுமை ஏற்றிய வேன் அந்தப் பக்கம் போகாமல் தப்பும். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இந்தத் திருத்தங்களை யாரும் செய்யலாம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, அந்த வரைபடத்தை அடிப்படையாக வைத்து, தண்ணீர் நின்ற தெருக்களை மக்களே ஒவ்வொன்றாகக் குறித்துக் காட்டினார்கள். செயற்கைக்கோள்கள் அன்றும் வழக்கம்போல நேரம் சொல்லிக்கொண்டிருந்தன. எந்தத் தெருவில் போக முடியாது என்பது அந்தத் தெருவில் நின்றவர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

தென்னிந்தியாவுக்கான வரைபடக் கோப்பு தினமும் புதிதாக வெளியாகிறது. காரில் உள்ள கணினிக்கு அதை மாதம் ஒருமுறையாவது இறக்கிவிடுவது நல்லது. எங்கள் பகுதியில் விடுபட்டிருந்த ஒருவழித் தெருக்களையும், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போடப்பட்ட புதிய இணைப்புச் சாலையையும் நான் அதில் சேர்த்திருக்கிறேன். அடுத்து, ஏரிக்கரைச் சாலையில் எந்தெந்த இடத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் என்பதை, அங்கே டீக்கடை வைத்திருப்பவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.